மின்கோபுரம் எவர் வயலில்?

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் அழைத்தனர். எழுவான்கரையிலே கடைத்தெருக்களும் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் நெருங்கிக் கிடக்கின்றன. படுவான்கரையிலே வயல்களும் மேய்ச்சல் தரைகளும் குளங்களும் பரந்து கிடக்கின்றன. உண்ணும் அரிசிக்கு எழுவான்கரை படுவான்கரையை நம்பியிருப்பது பழைய செய்தி. எரியும் விளக்குக்கும் அது படுவான்கரையையே நம்பியிருக்கின்றது என்பது பலரும் எண்ணிப் பாராத செய்தி. தொலைவிலிருந்து 132 கிலோவோற்று அழுத்தத்தில் வரும் மின்சாரம் வாவிக்கு மேற்கேயுள்ள வவுணதீவு உபநிலையத்திலே அழுத்தம் குறைக்கப்பட்டு, அதன் பின்னரே வாவியைக் கடந்து ஊர்களுக்குள் வருகின்றது. காத்தான்குடிக் கடைத்தெருவில் இரவு பத்து மணிக்கும் பகல்போல் எரியும் விளக்குகளை நோக்கி வியப்போர், அவ்வொளி எவருடைய வயல்களுக்கு மேலாக வந்தது என்பதையும் ஒருகணம் எண்ணவேண்டும்.

இனி வருங்காலத்திலே கிழக்கு மாகாணத்துக்குப் புதிய உயரழுத்த மின்மார்க்கங்கள் வேண்டியிருக்கும் என்பதை எவரும் மறுக்கார். நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கை 2030 ஆம் ஆண்டளவில் சூரியன், காற்று, நீர் முதலிய வற்றாத மூலங்களிலிருந்து பெறுவது என்ற இலக்கு வகுக்கப்பட்டது. திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரிலே இந்தியாவும் இலங்கையும் கூட்டாக அமைக்கும் 120 மெகாவாற்றுச் சூரிய மின்னிலையத்தின் தொடக்க விழா 2025 ஏப்பிரலில் நடைபெற்றது. வெயிலும் வெற்று நிலமும் ஓரிடத்தில் இருக்க, மின்சாரத்தைச் செலவிடும் மக்கள் வேறிடத்தில் இருப்பதால் இடையிலே கம்பி ஓடித்தான் ஆகவேண்டும். அன்றியும், ஒற்றை வழியை நம்பியிருப்பதன் கேடு என்னவென்பதை 2025 ஆம் ஆண்டு நமக்கு இருமுறை உணர்த்தியது. பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்திலே ஒரு குரங்கு புகுந்ததனால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. நவம்பர் இறுதியில் வீசிய டித்வாப் புயலின்போது மலைநாட்டிலே வெள்ளமும் மண்சரிவும் நேர, அதன் விளைவை நெடுந்தொலைவிலுள்ள நம் மாவட்டமும் அனுபவித்தது. மாற்று வழி வேண்டும். அதற்கு மார்க்கம் வேண்டும். நாம் மின்மார்க்கத்துக்குப் பகைவர் அல்லோம். அது எவ்வழியாகச் செல்லும், அவ்வழியை எவர், எங்கே, எந்த மொழியில், எவரைக் கேட்டுத் தீர்மானிப்பர் என்பதே நாம் எழுப்பும் வினா.

முதலில் இடத்தை நோக்குவோம். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. இடையிலே ஒடுங்கிய மணற்றிடல். அத்திடலில் ஒரு சில சதுர கிலோமீற்றர் பரப்புக்குள் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது நாற்பதாயிரம் மக்கள் அளவில் வாழ்ந்த ஊர் காத்தான்குடி. வீதியின் நடுவிலே நட்ட பேரீச்ச மரங்களுக்கு இடம் கிடைத்ததே பெரிது. 132 கிலோவோற்று மார்க்கம் ஒன்றுக்கு இந்நாட்டிலே 27 மீற்றர் அகலமும், 220 கிலோவோற்று மார்க்கத்துக்கு 35 மீற்றர் அகலமும் வழியாக ஒதுக்கப்படுவது வழக்கம். அவ்வழிக்குள் வீடு கட்டலாகாது. உயர்ந்து வளரும் மரம் நிற்கலாகாது. கிலோமீற்றர் ஒன்றுக்கு 27 மீற்றர் என்றால் ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். கல்லடியிலிருந்து ஆரையம்பதி வரை அத்தகைய வழியொன்றைத் திறப்பதாயின் எத்தனை வீடுகளை இடிக்கவேண்டும் என்பதைக் கணக்கிட எவரும் பொறியியலாளராக இருக்கவேண்டியதில்லை. கடற்காற்றிலுள்ள உப்பு இரும்பை அரிக்கும். மின்காப்புக் கிண்ணங்களிலே படிந்து பழுது விளைக்கும். 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி இக்கரையின் தென்னந்தோட்டங்களை ஓரிரவில் சாய்த்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிக் கடல் செய்ததை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே, உயரழுத்தக் கோபுரங்கள் எழுவான்கரையிலே நிற்க இயலாது; படுவான்கரை வயல்களிலேயே அவை நிற்கும். இதில் அதிகாரிகளைக் குறைகூற இடமில்லை. நிலத்தின் அமைப்பு அவ்வாறானது.

ஆனால், பயன் ஒரு கரைக்கும் பாரம் மறு கரைக்கும் என்று நிலம் பிரித்துவிட்டபோது, நியாயம் செய்யும் கடமை மனிதருக்கு வந்துவிடுகின்றது. வயலிலே கோபுரம் நின்றால் என்ன கெட்டுவிடும், நெல் அதன் கீழும் விளையுமே என்று கேட்போர் உளர். விளையும், மெய்தான். தென்னையும் பனையும் போல நெல் வெட்டப்படுவதில்லை. எனினும் கோபுரத்தின் நான்கு கால்களுக்கிடையே உழவு இயந்திரம் திரும்பாது. அறுவடை இயந்திரம் அதைச் சுற்றிச் செல்லும்போது வரம்பு உடையும். சுற்றிலும் ஒரு துண்டு நிலம் ஆண்டுதோறும் கைவேலைக்கே எஞ்சும். நாளைக்கு மகளுக்குச் சீதனமாக அவ்வயலை எழுதும்போது விலை குறையும். மேட்டு நிலமாயின் வீடு கட்டவும் இயலாது. கம்பியின் கீழ் வாழ்ந்தால் நோய் வருமோ என்ற அச்சம் வேறு. உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய காந்தப் புலத்தைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதென ஐயுறத்தக்கவற்றுள் ஒன்றாக 2002 ஆம் ஆண்டிலே வகைப்படுத்தியது. இது நோய் வருமென்று நிறுவியதாகாது. ஐயம் இன்னும் தீரவில்லை என்பதே அதன் பொருள். இதனைக் கமக்காரருக்குத் தெளிவான தமிழிலே எடுத்துச்சொன்னால் வீண் அச்சம் குறையும். சொல்லாமல் மறைத்தால் வதந்தி வளரும்.

இவையெல்லாம் எந்த நாட்டிலும் உள்ள தொல்லைகள். மட்டக்களப்புக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. அதனை நாம் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கின்றது.

மின்மார்க்கம் ஒன்றுக்கு வழியுரிமை பெறும் முறையை 2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க மின்சாரச் சட்டம் வகுத்தது. காணிச் சொந்தக்காரருக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும்; அவர் இணங்காவிடின் பிரதேச செயலாளர் அவருடைய நியாயத்தைக் கேட்டுத் தீர்க்கவேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கின்றது. ஆனால், படுவான்கரையிலே காணிச் சொந்தக்காரர் யார்? உறுதி ஒருவரிடம், ஆட்சி இன்னொருவரிடம், பெர்மிட்டு மூன்றாமவர் பெயரில் என்று கிடக்கும் வயல்கள் எத்தனை! காத்தான்குடி முஸ்லிம்கள் பலருக்கு வாவிக்கு அப்பால் வயல்கள் இருந்தன. 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி இரவு பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்ட பின்னர், அவ்வயல்களுக்குச் செல்லும் துணிவு அவர்களுக்கு இருக்கவில்லை. மறுபுறம், கொக்கட்டிச்சோலைப் பகுதித் தமிழ் மக்கள் 1987 ஆம் ஆண்டிலும் 1991 ஆம் ஆண்டிலும் படுகொலைகளுக்கு ஆளாயினர். 2007 ஆம் ஆண்டிலே கிராமம் கிராமமாக இடம்பெயர்ந்தனர். கணவனை இழந்த பெண்கள், உறுதி எரிந்துபோனவர்கள், பிள்ளைகள் அயல்நாட்டில் வாழும் முதியோர் என்று உரிமையை நிறுவ இயலாதோர் இரு சமூகத்திலும் நிறைந்திருக்கின்றனர். பத்தாண்டு தடையின்றி ஆண்டவருக்கு உரிமை சேரும் என்பது இந்நாட்டுப் பழைய சட்டம். போரினால் தம் காணிக்குச் செல்ல முடியாதோரைக் காக்கவென 2016 ஆம் ஆண்டிலே 5 ஆம் இலக்கச் சட்டமாக ஒரு விசேட ஏற்பாடு இயற்றப்பட்டது. அது தந்த வாய்ப்போ குறுகிய காலத்துக்கு உரியது. அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஏழைக் கமக்காரர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

இந்நிலையில் நில அளவையாளர் வந்து முளை அடிக்கின்றார். இது எவருடைய வயல் என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கின்றார். அன்று அங்கே நின்றவரின் பெயர் பட்டியலில் ஏறுகின்றது. சில மாதங்களில் வெட்டிய மரத்துக்கும் அழிந்த பயிருக்கும் நட்டஈடு வருகின்றது; பெயர் ஏறியவர் ஒப்பமிட்டுப் பெறுகின்றார். அரசாங்கத் திணைக்களத்து இலச்சினையோடு ஒரு பற்றுச்சீட்டு அவர் கையில் இருக்கின்றது. அப்பற்றுச்சீட்டை அவர் நாளைக்கு நீதிமன்றத்திலே காணி தமக்குரியது என்பதற்குச் சான்றாக நீட்டமாட்டார் என்பதற்கு என்ன உறுதி? மின்கம்பி இழுக்க வந்தவர்கள் தம்மையறியாமலே முப்பது ஆண்டுக் காணி வழக்குக்குத் தீர்ப்பெழுதிவிட்டுப் போவர். உரிமை இழந்தவர் வாவியின் ஒரு கரையிலும், பணம் பெற்றவர் மறு கரையிலும் இருந்தால், அது வெறுங் காணி வழக்காக நில்லாது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையிலான பிணக்காக அதை ஊதிப் பெருக்கக் காத்திருப்போர் எக்காலத்திலும் உளர்.

ஆதலால் அதிகாரிகளிடம் நாம் முதலாவதாகக் கேட்பது இதுவே. பயிருக்கும் மரத்துக்குமான நட்டஈட்டைச் செய்கை பண்ணியவருக்கே கொடுங்கள், உழைத்தவன் அவன். நிலத்துக்காகக் கொடுக்கப்படும் பணத்தை, உரிமையிலே பிணக்கு இருக்குமாயின், எவர் கையிலும் கொடாமல் தீர்ப்பு வரும்வரை வைப்பிலிடுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு சீட்டிலும் ‘இது காணி உரிமைக்குச் சான்றாகாது’ என்று தமிழிலே அச்சிடுங்கள். இதற்குப் புதிய சட்டமோ பாராளுமன்ற விவாதமோ தேவையில்லை. இரண்டு வரி அச்சு மையே போதும். வட கிழக்கிலே தமிழ் நிருவாக மொழி என்று அரசியலமைப்பே கூறும்போது, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் அறிவித்தல் அனுப்புவதற்கு எவருக்கும் சாட்டு இல்லை.

அடுத்தது வளைவு பற்றியது. மின்மார்க்கம் நேராகச் செல்வதையே பொறியியலாளர் விரும்புவர். நேர் வரிசையில் நிற்கும் கோபுரம் கம்பியைத் தாங்கினாற் போதும். திசை திரும்பும் இடத்திலே நிற்கும் கோபுரமோ இருபுறத்து இழுவையையும் தாங்கவேண்டும். அதற்கு இரும்பும் அத்திவாரமும் செலவும் கூடும். ஏறத்தாழ முந்நூறு மீற்றருக்கு ஒரு கோபுரம் என்று நேராகச் சென்ற வரிசை, ஓரிடத்தில் காரணமின்றித் திரும்புமாயின், அங்கே எவருடைய தோட்டம் இருக்கின்றது என்று ஊர் கேட்பது இயல்பு. கோயிலுக்காக, பள்ளிவாசலுக்காக, மையவாடிக்காக, பாடசாலைக்காக, பறவைகள் கூடும் நீர்நிலைக்காக மார்க்கம் திரும்பலாம், திரும்பவும் வேண்டும். ஒரு பெரிய மனிதரின் தொலைபேசி அழைப்புக்காகத் திரும்பலாகாது. ஒருவன் தன் வயலைத் தப்புவித்தால் கம்பி வானத்திலே மறைந்துவிடாது. அடுத்த வயலுக்கே செல்லும். அடுத்த வயல் பெரும்பாலும் பேச ஆளில்லாதவனுடைய வயலாகவே இருக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் உரிய காரணத்தை எழுதி, வரைபடத்தோடு மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துகின்றோம்.

தமிழ்நாட்டின் கொங்கு மாவட்டங்களிலே நிகழ்ந்ததை இங்கே நினைவூட்டுவது தகும். சத்தீசுகர் மாநிலத்து இராய்கரிலிருந்து புகளூர் வரை 6000 மெகாவாற்று மின்சாரத்தை 800 கிலோவோற்று நேர்மின்னோட்டமாகக் கொண்டுவரும் மார்க்கம் அமைக்கப்பட்டபோது, ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் முதலிய மாவட்டங்களின் விவசாயிகள் 2018 ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் உண்ணாவிரதமிருந்து போராடினர். கோபுரம் வேண்டாம், வீதியோரமாக நிலத்தின் கீழ்க் கம்பி பதியுங்கள் என்பது அவர்களின் கோரிக்கை. அதே திட்டத்தின் தொடர்ச்சியாகப் புகளூரிலிருந்து கேரளத்துத் திருச்சூருக்குச் சென்ற 320 கிலோவோற்று மார்க்கத்திலே, கேரளப் பக்கத்தில் ஏறத்தாழ 27 கிலோமீற்றர் தூரத்துக்கு நிலத்தின் கீழேதான் கம்பி பதிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் அது திறந்துவைக்கப்பட்டது. ஒரே மின்சாரம் மலைக்கு அப்பால் நிலத்தடியிலும் மலைக்கு இப்பால் வயலுக்கு மேலும் செல்வதேன் என்று கொங்கு விவசாயி கேட்ட கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இந்திய மத்திய அரசாங்கம் 2024 யூனில் வெளியிட்ட வழிகாட்டலிலே, கோபுரம் நிற்கும் நிலத்துக்கு அதன் பெறுமதியின் இரு மடங்கும், கம்பி செல்லும் வழிக்குப் பெறுமதியில் நூற்றுக்கு முப்பதும் கொடுக்கலாமென்று கூறப்பட்டது. இங்கே வழக்கிலிருப்பதோ பெரும்பாலும் மரத்துக்கும் பயிருக்குமான கணக்கே. பெறுமதி குறைந்துபோகும் நிலத்துக்கும் கணக்குப் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

எனினும், கேரளத்தில் இயன்றது இங்கும் முழுவதும் இயலும் என்று சொல்லி நாம் கமக்காரரை ஏமாற்ற விரும்பவில்லை. அங்கே சென்றது நேர்மின்னோட்டம். நம் மார்க்கங்களிலே செல்வது ஆடலோட்டம். ஆடலோட்டக் கம்பியை நெடுந்தூரம் நிலத்தின் கீழே பதித்தால், கம்பியின் இயல்பினாலேயே மின்னோட்டத்தின் ஒரு பகுதி வீணாகும். அதைச் சரிசெய்யத் தனிக் கருவிகள் வேண்டும். செலவும் பன்மடங்கு, பழுது நேர்ந்தால் தோண்டித் தேடித் திருத்த நாட்கள் செல்லும். கடன்பட்ட நாடு படுவான்கரை முழுவதும் நிலத்தடிக் கம்பி பதிக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். ஆனால் வாவியைக் கடக்கும் குறுகிய தூரத்துக்கும், எழுவான்கரையின் நெருங்கிய தெருக்களுக்கும் நிலத்தடிக் கம்பி தகுந்ததே. உயரழுத்த மார்க்கம் மேற்குக் கரையோடு நிற்கட்டும். அங்கேயே அழுத்தத்தைக் குறைத்து, அதன்பின் பாலங்களை ஒட்டியோ வாவியின் அடியிலோ கம்பியைக் கொண்டுசெல்லட்டும். 2014 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் ஆரையம்பதிப் பக்கத்தையும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தையும் இணைத்து நிற்கின்றது. இவ்வழியைப் பொறியியலாளர் ஆராய்ந்து, இயலாதெனின் ஏன் இயலாதென்று எண்களோடு சொல்லவேண்டும். வாவியின் நடுவே கோபுரங்களை நிறுத்தி, மீனவரின் வலைக்கும் பறவைகளின் வழிக்கும் இடையூறு செய்வது கடைசி யோசனையாகவே இருக்கட்டும்.

இவ்வாறு ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தால் மார்க்கம் ஒருநாளும் அமையாது என்று திணைக்களத்தார் கூறுவர். இதில் ஓரளவு உண்மை உண்டு. பத்துப் பேர் கூடினால் பதினொரு யோசனை சொல்லும் ஊர்கள் நம்முடையவை. ஆனால் கேளாமல் முளை அடித்தபின் வரும் மறியலும் நீதிமன்றத் தடையுத்தரவும் தின்னும் காலத்தைக் கணக்கிட்டால், முன்னமே கேட்பதற்குச் செல்லும் சில மாதங்கள் பெரிதல்ல. இந்த மண்ணின் அனுபவமும் மறக்கத்தக்கதன்று. பட்டிப்பளையாற்றை மறித்து இங்கினியாகலையிலே அணை எழுந்தபோது, அது மட்டக்களப்பு மாவட்டத்து ஆறு. நீர் எங்கே பாயும், நிலம் எவருக்குச் சேரும், மின்சாரம் எங்கே செல்லும் என்பதையெல்லாம் தீர்மானித்தது கொழும்பு. 1961 ஆம் ஆண்டிலே அம்பாறை தனி மாவட்டமாகவும் பிரிந்தது. சம்பூரிலே 2006 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த மக்கள், அனல்மின் நிலையத்துக்கென்று காணி ஒதுக்கப்பட்டதனால் நெடுங்காலம் ஊர் திரும்பமாட்டாது அலைந்தனர். ‘அபிவிருத்தி’ என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் பேசும் கமக்காரன் தன் உறுதிப் பெட்டியைத் தேடுகின்றான் என்றால், அதற்குக் காரணம் அவனுடைய அறியாமையன்று.

கேட்பதற்குரிய மன்றம் எது என்பதும் சிக்கலே. தேசிய மின்தொகுதிக்கு அனுப்பும் மின்சாரம் மாகாண சபையின் அதிகாரத்துக்கு வெளியே வைக்கப்பட்டது. கிழக்கு மாகாண சபையோ 2017 செப்ரெம்பரில் காலம் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தலின்றிக் கிடந்தது. மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டமும் அதன் 2025 ஆம் ஆண்டுத் திருத்தமும் வழிசெய்தன. நேற்று ஒரு சபையின் கதவைத் தட்டிய கமக்காரன் நாளை எந்தக் கம்பனியின் கதவைத் தட்டுவது? எக்கம்பனியாயினும் மாவட்டத்திலே தமிழறிந்த பொறுப்புள்ள ஓர் உத்தியோகத்தரை அமர்த்தி, அவர் இருக்கும் இடத்தை அறிவிக்கட்டும்.

காத்தான்குடி மக்களுக்கும் ஒரு சொல். கோபுரம் நம் ஊருக்கு வரவில்லை, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். குளிரூட்டிய கடைகளும் தையல் இயந்திரங்களும் ஓடுவது அந்த மார்க்கத்தால். அதன் கீழே வயல் வைத்திருக்கும் மண்முனை மேற்குக் கமக்காரனுக்கு நியாயமான நட்டஈடு கிடைக்கவேண்டும் என்று முதற் குரல் உங்களிடமிருந்து எழுமாயின், வாவியின் இரு கரையிலும் அதன் பயன் மின்சாரத்தோடு நில்லாது. இரு சமூகத்து வழக்கறிஞர்களும் ஓய்வுபெற்ற நில அளவையாளர்களும் பொறியியலாளர்களும் கூடி ஒரு மேசையைப் போட்டு உட்காரட்டும். உறுதிகளை வாசித்துச் சொல்லவும், ஆட்சேபனை எழுதிக் கொடுக்கவும் ஆளில்லாத படுவான்கரைக் கமக்காரருக்கு அவர்கள் உதவட்டும். கமக்காரர்களும் இரவோடிரவாக முளையைப் பிடுங்குவதை விடவேண்டும். மார்க்கம் வருமென்று கேள்விப்பட்டதும் நட்டஈட்டுக்காக நெருக்கமாகத் தென்னம்பிள்ளை நடும் கெட்டித்தனமும் வேண்டாம். அதிகாரிக்கு அது தெரியும், நியாயமாகக் கேட்பவனின் சொல்லும் அதனால் மதிப்பிழக்கும்.

வரைபடத்தைக் காட்டுவதற்குப் புதிய மண்டபம் எதுவும் தேடவேண்டியதில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் முன் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடைபெறுகின்றது. வாய்க்கால் திறக்கும் நாளையும் விதைக்கும் நாளையும் அங்கேதான் தீர்மானிக்கின்றனர். வட்டைவிதானைமாரும் கமக்காரரும் பிரதேச செயலாளரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அன்றுதான். எந்த வயல் எவருடையது, எங்கே பிணக்கு உண்டு என்பதை அக்கூட்டத்தில் இருப்போரைவிட நன்கறிந்தவர் எவருமில்லர். அடுத்த பெரும்போகக் கூட்டத்துக்கு மின்பொறியியலாளர் ஒருவர் தம் வரைபடச் சுருளோடு வரட்டும். முளைகளை அதன் பின்னர் அடிக்கட்டும்.